தயவுசெய்து ஒரு கடல்பசு

சிவகாசியிலிருந்து வருகிறேன் என்று விமான நிலையத்தில் உண்மையைச் சொல்வது புத்திசாலித்தனம் இல்லை. நானாகச் சொல்லவில்லை, அட்டைப்பெட்டியின் மேல் அச்சகத்து முகவரி கொட்டை எழுத்தில் சொல்லிவிட்டது. பாதுகாப்புச் சோதனையில் நின்ற பெண் அதைப் படித்தார், என்னைப் பார்த்தார், இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் மூன்றாமவரைக் கூப்பிட்டார். மத்தாப்பு இல்லை, சரவெடி இல்லை, வெறும் சீட்டுக்கட்டுதான் என்று விளக்கியதும் மூவர் முகமும் தெளிந்தது. "ரம்மியா?" என்று ஒருவர் நட்பாகக் கேட்டார். இல்லை சார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிப்பதற்கான சீட்டு என்றேன். முகங்கள் மறுபடியும் இறுகிவிட்டன. ஒவ்வொரு கட்டாகப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள்.

எங்கள் அச்சகத்துக்குச் சோறு போடுவது காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும். கல்விச் சீட்டு என் சொந்தப் பைத்தியம். பள்ளிக்கூடங்கள் அதை வாங்குகின்றன, பீரோவில் வைத்துப் பூட்டுகின்றன. ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் எடுத்து மேஜையில் பரப்பிக் காட்டிவிட்டு மறுபடியும் பூட்டுகின்றன. கட்டு கிழிந்துவிட்டது, வேறு அனுப்புங்கள் என்று இத்தனை வருடத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. அதனால், அந்தமானிலிருந்து சுகந்தி டீச்சர் என்று ஒருவர் போன் செய்து, உங்கள் சீட்டை வகுப்பில் ஆடியதற்காக எனக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள் என்றபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். யாரோ ஒருவர் பீரோவைத் திறந்திருக்கிறார்.

சந்தோஷம் அந்தப் போன் முடிவதற்குள் போய்விட்டது. பள்ளியில் பிள்ளைகளுக்குச் சூதாட்டம் சொல்லிக் கொடுக்கிறார் என்று ஒரு பெற்றோர் புகார் கொடுத்திருந்தார். புதன்கிழமை விசாரணை. விசாரணை முடிந்ததும் அதிகாரி அவரைத் தொலைவில் இருக்கும் கார் நிக்கோபார் தீவுக்கு மாற்றி எழுதப்போவதாகப் பேச்சு. டீச்சரின் கணவர் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் எஞ்சின் பகுதியில் வேலை செய்கிறார். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். மகள் ப்ளஸ் டூ. அம்மாவும் போய்விட்டால் பரீட்சை எழுதும் பெண் பூட்டிய வீட்டில் தனியாக இருக்க வேண்டும். சீட்டைச் செய்த நீங்களே வந்து அது சூதாட்டம் இல்லை என்று சொன்னால் நன்றாக இருக்கும் என்றார். கிளம்பிவிட்டேன்.

விமானத்தில் எனக்குத் தைரியம் கொடுத்தவர் ஒரு ஜெர்மன் பாதிரியார். ஐந்நூறு வருடங்களுக்கு முன்னால் அவர் தர்க்க சாஸ்திரத்தைச் சீட்டுக்கட்டில் வரைந்து மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். மண்டையில் ஏறாத பையன்கள் எல்லாம் மளமளவென்று தேறினார்கள். இவ்வளவு சீக்கிரம் பிள்ளைகளுக்குப் புரிகிறதென்றால் இதில் ஏதோ பில்லி சூனியம் இருக்கிறது என்று சந்தேகம் கிளம்பிவிட்டது. பாதிரியார் பெரியவர்கள் முன்னால் சீட்டை விரித்து, ஆடும் விதத்தைக் காட்டித்தான் தப்பித்தார். பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்றால் யாரும் விசாரணை வைப்பதில்லை. அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான். பக்கத்து இருக்கைக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் தேனிலவுக்குப் போகிறவர். தலையாட்டிவிட்டு மனைவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

இறங்கும்போது ஸ்ரீ விஜயபுரம் வந்துவிட்டது என்று அறிவித்தார்கள். வெளியே வந்ததும் ஆட்டோக்காரர் போர்ட் பிளேரில் எங்கே போகணும் என்று இந்தியில் கேட்டார். ஊருக்கு அரசாங்கம் புதுப் பெயர் வைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என் பெட்டியில் இருந்த 'தீவுச் சீட்டு' முழுவதிலும் பழைய பெயர்தான் அச்சாகியிருந்தது. நாட்டுப்படம் போட்ட சீட்டுகளை அந்தக் காலத்தில் அச்சடித்த வெள்ளைக்காரர்களும் இப்படித்தான் தவித்திருக்க வேண்டும். மை காய்வதற்குள் எல்லையையும் பெயரையும் மாற்ற எங்கேயாவது ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

டீச்சர் குடியிருக்கும் லம்பா லைன், ஏற்ற இறக்கத்துக்கு நடுவே வீடுகளை அடுக்கி வைத்த பகுதி. சிவகாசியில் நான் வருடம் முழுக்கப் பார்க்கிற மழை, ஆட்டோ டீச்சர் வீட்டு வாசலில் நிற்பதற்குள் பெய்து முடித்தது. டீச்சரின் அப்பா ராமநாதபுரத்திலிருந்து காண்டிராக்ட் வேலைக்கு வந்து இங்கேயே தங்கியவர். இவர் பிறந்தது இங்கே. நாற்பது வயதிருக்கும். வேகமான பேச்சு, வேகமான நடை. எனக்குப் போட்ட சாப்பாடு சூரை மீன் குழம்பு, வறுவல், சோறு, அப்பளம். வெங்காயம் மட்டும் கண்ணில் படவில்லை. "ஷிப் வரல சார்" என்றார். வெங்காயம் இல்லாததற்கும், கணவர் வராததற்கும், மகளின் வழிகாட்டி நூல் வராததற்கும் அதே ஒரு பதில்தான். மெயின்லேண்டில் நாங்கள் எல்லாவற்றுக்கும் சர்வர் டவுன் என்போம்.

மெமோ கொடுத்த நாளிலிருந்து அலுவலகத்தில் எல்லோரும் ஆறுதல் சொல்கிறார்களாம். "எல்லாரும் ஹோ ஜாயேகா, ஹோ ஜாயேகான்னுதான் சொல்றாங்க சார். நடந்துரும்னா என்ன நடக்கும்? அதை மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க." கார் நிக்கோபார் மேல் அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை. இளம் வயதில் அங்கே வேலை பார்த்திருக்கிறார், நல்ல ஊர், நல்ல சனம் என்றார். மார்ச்சில் பரீட்சை முடிந்த மறுநாள் போகச் சொன்னால் பெட்டியோடு நிற்பேன், அதுவரைக்கும் இந்தப் பெண்ணை விட்டுப் போக முடியாது என்றார். மகள் நிவேதா புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல், நான் சமைச்சுப்பேன்மா என்றாள். எரிந்த வாசனை வருகிற மாதிரி டீச்சர் மூக்கைச் சுளித்தார்.

மறுநாள் புகார் கொடுத்தவரைப் பார்த்துச் சமாதானம் பேசலாம் என்று டவுன் பஸ் ஏறினேன். பஸ் ஏற்றத்தில் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி ஒரு வெற்றிலைக் கடையில் பேசிவிட்டு வந்து மறுபடியும் முயன்றார், பஸ் சம்மதித்தது. காரணம் கேட்டேன். வண்டிக்குக் கொஞ்ச நேரம் ஓய்வு வேண்டும் என்றார். மதுரைப் பக்கத்து ஓட்டுநராக இருந்தால் இதற்குள் எங்களை இறக்கித் தள்ளச் சொல்லியிருப்பார்.

அபர்டீன் பஜாரில் புகார்க்காரருக்குப் பாத்திரக் கடை. தூத்துக்குடிக்காரர். சிவகாசி என்றதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார், டீ வரவழைத்தார், பருப்புக்குழம்பில் மிதந்த இட்லி வரவழைத்தார். கடைக்குப் பின்னால் ஒரு அறை, அங்கே பாய், பாயில் நாலு பேர், நடுவில் ரம்மி. என் வருகையால் ஆட்டம் நின்றதில் அவர்களுக்கு வருத்தம். சீட்டைக் கெட்ட பழக்கம் என்று புகார் எழுதியவர் நீங்கள்தானே என்று மெதுவாகக் கேட்டேன். அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை.

"நாங்க ஆடுறவங்க அண்ணாச்சி. அது எம்புட்டுக் கெட்ட பழக்கம்னு எங்களுக்குத் தெரியாம, ஆடாத டீச்சருக்கா தெரியும்?"

இட்லியைத் தின்றுகொண்டு மேலும் பேச்சுக் கொடுத்ததில் உண்மைக் காரணம் வந்தது. அவர் மகன் ஆறாம் வகுப்பில் சுகந்தி டீச்சரிடம் படிக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த அறைக்குள் வந்து, அப்பா சீட்டைக் கேட்கும் முறையே தப்பு, தயவுசெய்து என்று சொல்லாதவருக்குச் சீட்டு கிடையாது என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறான். நண்பர்கள் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அந்த விதியை எழுதியவன் நான். என் தீவுச் சீட்டில் பதின்மூன்று குடும்பங்கள், குடும்பத்துக்கு நாலு சீட்டு: பறவைகள், மரங்கள், தீவுகள், கடல் பிராணிகள் என்று. எல்லோருக்கும் பகிர்ந்துவிட்டால், உங்களிடம் ஒரு பறவை இருந்தால் மற்றொரு பறவையை எதிராளியிடம் பெயர் சொல்லிக் கேட்கலாம். இருந்தால் அவர் தந்தே ஆகவேண்டும், நீங்கள் தொடர்ந்து கேட்கலாம். இல்லாவிட்டால் ஆட்டம் அடுத்தவருக்கு. யார் எதைக் கேட்கிறார் என்று காது கொடுத்தால் யாரிடம் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். நிறையக் குடும்பம் சேர்த்தவர் வெற்றி. கேட்கும்போது தயவுசெய்து சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் முறை போய்விடும். மேலைநாட்டுப் பிள்ளைகள் ஆட்டத்தில் இப்படி ஒரு வழக்கம் உண்டு. அழகாக இருக்கிறதே என்று எடுத்துப் போட்டுக்கொண்டேன். தூத்துக்குடிக்காரர் ஒருவரின் மானம் கடல் தாண்டி இதில் போகும் என்று அப்போது தோன்றவில்லை. புகாரை அவர் திரும்பப் பெறவில்லை. ஒரு எவர்சில்வர் டம்ளரை மட்டும் ஊர்ப் பாசத்தில் கையில் திணித்து அனுப்பினார்.

புதன்கிழமை விசாரணை. அலுவலகத்தின் பெயர் வேண்டாம். அதிகாரி எந்த மாநிலம் என்பதும் வேண்டாம், அவர் எல்லா மாநிலத்திலும் இருக்கிறார். இங்கே எல்லோரும் அவரைச் சாப் என்கிறார்கள். சாப் ஒரு பெரிய மேஜைக்குப் பின்னால், துண்டு போர்த்திய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குமாஸ்தா மண்டல் பாபு. இங்கே குடியேறிய வங்காளிக் குடும்பத்துக்காரர், ஓய்வுக்குக் கொஞ்ச காலமே பாக்கி. பேச்செல்லாம் இந்தியில். டீச்சர் எனக்கு மொழிபெயர்த்தார், எனக்காகவும் பேசினார்.

படித்தவர்கள் யாராவது இதை ஆடியிருக்கிறார்களா என்பது சாப்பின் முதல் கேள்வி. நான் பாதிரியாரை எடுத்துவிட்டேன், முகம் அசையவில்லை. நம் நாட்டிலேயே வட்டச் சீட்டில் தசாவதாரம் வரைந்து ஆடினார்கள் என்றேன், கும்பிட்டுக்கொண்டார். உலகப் போரில் எதிரி விமானத்தின் நிழலைச் சீட்டில் அச்சிட்டுச் சிப்பாய்களுக்குக் கொடுத்தார்கள் என்றேன், நிமிர்ந்து உட்கார்ந்தார். பிரெஞ்சு நாட்டில் பட்டத்துக்கு வந்த ஒரு சிறு பையனுக்குச் சரித்திரமும் பூகோளமும் கற்பிக்கத் தனியாகச் சீட்டுகள் செய்தார்கள் என்றதும், ராஜாவே ஆடினாரா என்று மண்டல் பாபுவைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். அந்த ராஜா வளர்ந்து, நாட்டையே ஓட்டாண்டியாக்குகிற அளவுக்குச் சண்டை போட்டதை நான் சொல்லவில்லை.

பிறகு கட்டைப் புரட்டினார். போர்ட் பிளேர் என்ற சீட்டில் விரல் நின்றது. பழைய பெயர், இது தனிக் குற்றம் என்றார். ஒட்டுத்தாள் அடித்து அனுப்புகிறேன் என்று கும்பிட்டேன். அடுத்து கடல்பசு. இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கள் ஓவியர் கடலை ராமேஸ்வரத்தில் ஒரே ஒரு தடவை பார்த்தவர். கடல்பசு என்று எழுதிக் கொடுத்தேன். தண்ணீருக்குள் ஒரு பசுவை இறக்கி, துடுப்பு மாட்டி, கொம்பும் வைத்துவிட்டார். கொம்பு அழகாக இருக்கிறது என்று சொல்லி நானும் அச்சுக்கு அனுப்பிவிட்டேன். டீச்சர் வகுப்பில் முதல் நாள் இந்தச் சீட்டைப் பார்த்துப் பிள்ளைகள் உருண்டு சிரித்தார்களாம்.

சாப் சிரிக்கவில்லை. கொம்பு தவறு, அடுத்த பதிப்பில் எடுத்துவிடுகிறோம் என்று நானே முந்திக்கொண்டேன்.

"ஏன் எடுக்க வேண்டும்?" என்றார் சாப். "அச்சில் இருக்கிறதே."

மண்டல் பாபு கடலில் அந்தப் பிராணியைக் கண்ணாலேயே பார்த்தவர். பார்த்தேன் சாப், கொம்பு இருந்தது என்றார்.

ஆடிக் காட்டுங்கள் என்று உத்தரவு வந்தது. சாப், மண்டல் பாபு, டீச்சர், நான். விதிகளை டீச்சர் இந்தியில் வாசித்தார். சீட்டுகளைப் பகிர்ந்தோம். முதல் முறை சாப்புக்கு. மண்டல் பாபு பக்கம் கையை நீட்டி, "முதலை, லாவோ" என்றார். கொண்டா என்று அர்த்தம். மண்டல் பாபுவின் விரல்கள் பழக்கத்தில் முதலையைப் பாதி உருவிவிட்டன. டீச்சர் அமைதியாக, சாப் கிருபயா சொல்லவில்லை, முறை போய்விட்டது என்றார்.

தயவுசெய்து என்பதற்கான அந்த இந்திச் சொல் அந்த அலுவலகத்துச் சுவர் முழுக்க எழுதியிருந்தது: தயவுசெய்து வரிசையில் நிற்கவும், தயவுசெய்து சத்தம் போடாதீர்கள், தயவுசெய்து நாளை வரவும். சுவரே சொல்லிவிடுவதால் சாப் வாயால் சொல்ல வேண்டிய தேவை அதுவரை வந்ததில்லை. விதித்தாளை வாங்கிப் படித்தார். அச்சில் இருந்தது. சரி, அடுத்து என்றார்.

அடுத்த முறையும் லாவோ. அதற்கடுத்து நிகாலோ, வெளியே எடு. ஒரு தடவை கண்ணை மூடி முயன்றார். உதடு வளைந்தது, சொல் வரவில்லை, இருமிவிட்டார். இதற்குள் அவர் கேட்டதையெல்லாம் வைத்து அவர் கையில் இருந்ததை டீச்சர் தெரிந்துகொண்டுவிட்டார். ஒவ்வொரு முறையும் பணிவாக, கிருபயா சாப், நிக்கோபார் புறா. கிருபயா சாப், படாக் மரம். சாப் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். அவர் வாழ்க்கையில் கீழே வேலை பார்க்கும் ஒருவருக்கு இவ்வளவு வேகமாக எதையும் கொடுத்திருக்க மாட்டார்.

டீ வந்த இடைவேளையில் டீச்சரை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஜெயித்து என்ன ஆகப்போகிறது, சாப்புக்கு ரெண்டு குடும்பம் விட்டுக்கொடுங்கள், சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்றேன். முதலாளிகளோடு கேரம் ஆடித் தோற்றே ஆர்டர் பிடித்தவன் நான், அனுபவத்தில் சொன்னேன்.

"எந்தக் கையெழுத்து சார்?" என்றார் டீச்சர். "என்னை விடுறதுக்கா, நிக்கோபார் அனுப்புறதுக்கா? அது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாத கையெழுத்துக்காக நான் எதுக்குத் தோக்கணும்? ப்ளீஸ் சொல்லாட்டி கார்டு இல்லன்னு ஆறாங்கிளாஸ் பையன்கிட்ட கறாரா சொல்லியிருக்கேன். அவனுக்கு ஒரு ரூல், சாப்புக்கு ஒரு ரூலா?"

உள்ளே போய் மிச்சக் குடும்பங்களையும் சுருட்டினார். எனக்கு ஒன்று கிடைத்தது. மண்டல் பாபு தனக்குக் கிடைத்த ஒன்றை மேஜைக்கடியில் மறைத்து வைத்துக்கொண்டிருந்தார், சாப்பைவிட அதிகமாகிவிடக் கூடாது என்று. சாப்பின் முன்னால் கொம்பு வைத்த கடல்பசு மட்டும் தனியாகக் கிடந்தது. அதையும் டீச்சர் கிருபயா போட்டு வாங்கிக்கொண்டார்.

சாப் சீட்டுகளையெல்லாம் வாரி ஒரே கட்டாக அடுக்கினார். எனக்கு அப்போது உண்மையிலேயே பயமாக இருந்தது; என் அழகுணர்ச்சியால் ஒரு பெண்ணின் படிப்பு கெடப்போகிறது என்று தோன்றியது. கடைசியில் சாப் பேசினார். ஒரு ஆட்டத்தை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. முழுமையாகப் பரிசீலிக்க வேண்டும். அடுத்த புதன் மறுபடியும் விசாரணை. தடயப் பொருள் இங்கேயே இருக்கட்டும். கட்டை எடுத்துத் தன் மேஜை டிராயரில் வைத்தார்; பீரோவில் வைக்கவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டேன்.

அடுத்த நாள் ஊர் சுற்றலாம் என்று படகுத்துறைக்குப் போனேன். யாரோ பெரிய மனிதர் வருவதால் படகு இல்லை. அவர் வரவும் இல்லை, படகும் போகவில்லை. கரையில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோது மண்டல் பாபு ஸ்கூட்டரில் வந்தார். சாப் முந்தின நாள் வேலை நேரம் முடிந்த பிறகும் போகாமல் தனியாகக் கட்டைப் பகிர்ந்து உட்கார்ந்திருந்தாராம். விசாரணை முடியாமல் மாற்றல் எழுத முடியாது, ஜெயிக்காமல் விசாரணையை முடிக்க சாப்புக்கு மனது வராது என்று அவர் சொன்னதை அரைகுறை இந்தியில் புரிந்துகொண்டேன். டீச்சர் அன்றைக்கே இதைப் புரிந்துகொண்டுதான் ஆடியிருக்கிறார். எனக்குத்தான் ஒரு நாள் பிடித்தது.

ஊருக்கு வந்து காலண்டர் வேலையில் மூழ்கிவிட்டேன். புதன்கிழமை தோறும் சாயங்காலம் டீச்சரிடமிருந்து ஒரு வரி வரும்: ஒத்திவைப்பு. தீபாவளிக்கு முந்தின புதனும் ஒத்திவைப்பு, பொங்கலுக்கு அடுத்த புதனும் ஒத்திவைப்பு. மூன்றாவது மாதத்தில் சாப் இரண்டு குடும்பம் சேர்த்தாராம், தப்பித்தவறி. நாங்கள் சிரித்தோம்.

போன புதன்கிழமை செய்தி வரவில்லை, போன் வந்தது. டீச்சர் குரல் இறங்கியிருந்தது.

"சார், உங்க சீட்டு வேலை செய்யுது சார்."

என்ன ஆச்சு என்றேன்.

"இன்னிக்கு சாப் கிருபயா சொல்லிட்டார். ஒரு தடவை இல்ல, எல்லாத் தடவையும். மண்டல் பாபுகிட்ட டீ கேட்டப்பகூடச் சொன்னார், அவர் கிளாஸைக் கீழ போட்டுட்டார். நான் ஒரே ஒரு குடும்பத்துல தப்பிச்சேன். நிவேதாவுக்கு இன்னும் நாலு பரீட்சை இருக்கு."

கல்விச் சீட்டு செய்கிற எவனும் வாழ்நாள் முழுக்க இந்த ஒரு போனுக்காகத்தான் காத்திருப்பான். அச்சடித்த ஒரு அட்டையால் ஒரு மனிதன் ஒன்றைக் கற்றுக்கொண்டுவிட்டான். அவன் கற்றிருக்கக் கூடாதே என்று நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கே அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகையை நிறுத்திவிட்டு ஒரு சின்னத் தாள் ஓட்டினேன், தமிழிலும் இந்தியிலும். தலைப்பு: திருத்திய விதிகள். கூரியர்காரரிடம் இது கப்பலில் போகக் கூடாது, விமானத்தில்தான் போக வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னேன். புதிய விதி ஒன்றே ஒன்றுதான். சீட்டுக் கேட்பவர், கேட்கும் முன் தம் நாற்காலியைவிட்டு எழுந்து நிற்க வேண்டும்.

அச்சில் இருப்பதை சாப் மீற மாட்டார். இதை அவர் கற்றுக்கொள்வதற்குள் மார்ச் முடிந்துவிடும்.